ஏற்காட்டு அடிவாரத்தில் இரு முகங்கள்

சேலம் மாநகரிலிருந்து ஏற்காட்டுக்குச் செல்வோர், இருபது கொண்டையூசி வளைவுகளில் ஏறிச் சேர்வராயன் மலையின் குளிர்ச்சியை அடையுமுன், அடிவாரச் சாலையோரத்தில் பழைய நுழைவாயில் வளைவு ஒன்றைக் காண்பர். டி. ஆர். சுந்தரம் அவர்கள் நிறுவிய 'மாடர்ன் தியேட்டர்ஸ்' என்னும் படப்பிடிப்பு நிலையத்தின் வாயில் அது. 1937-இல் வெளிவந்த 'சதி அகல்யா' தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அந்நிலையத்தின் பெயரால் வெளிவந்தன. இன்று நிலையம் இல்லை. வாயில் மட்டும் நிற்கிறது. அவ்வாயிலுக்குள் நாள்தோறும் விடியுமுன் நடந்த ஒரு தொழிலைப் பற்றியே இக்கட்டுரையில் பேச விழைகின்றோம். மனித முகத்தின்மீது வேறொரு முகத்தை எழுதும் ஒப்பனைத் தொழில் அது.

திரைப்படத்தைப் பற்றிய புகைப்பட நூல்கள் நம் நாட்டில் அவ்வப்போது வெளிவருகின்றன. பளபளக்கும் தாள், கனத்த அட்டை, பக்கம் நிறைந்த நட்சத்திர முகங்கள்! புரட்டி முடித்த பின் நம் நெஞ்சில் எஞ்சுவது யாது? இன்னார் அழகாயிருந்தார் என்னும் நினைவு ஒன்றே. அவ்வழகையோ அவலட்சணத்தையோ ஆக்கிய கை எது, எதனைக் கொண்டு எவ்வாறு ஆக்கியது என்னும் வினாவுக்கு அந்நூல்களில் விடையில்லை. நட்சத்திரங்களின் படத்தொகுப்பு வேறு. ஒப்பனைக் கலையின் புகைப்பட நூல் வேறு. பின்னது ஒன்று இம்மலையடிவாரத்து முகங்களைக் கொண்டு செய்யப்பட வேண்டும் என்பதும், அதனை எந்த அளவுகோலால் மதிப்பிட வேண்டும் என்பதுமே நாம் சொல்லப் புகுவது.

'இஸ்லாமிய இல்லங்களில் படிக்கப்படும் இதழில் அரிதாரத்திற்கு என்ன வேலை?' என்று சில பெரியோர் வினவலாம். அவர்தம் தயக்கத்தை நாம் மதிக்கின்றோம். உருவப்படத்தைச் சுவரில் மாட்டவும் மனமொப்பாத வீடுகள் நம்மிடையே உண்டு. ஆயினும் பெருநாள் இரவில் பிள்ளைகளின் உள்ளங்கையில் மருதாணி இடுவதும், கண்ணிற்குச் சுர்மா தீட்டுவதும் அதே வீடுகளில்தாமே? அலங்காரம் என்பது நமக்கு அந்நியமன்று. அதனினும் முக்கியமானது மற்றொன்று. நாம் திரையைப் பாராதிருந்தாலும், திரை நம்மைப் பாராதிருக்கவில்லை. நம் சமுதாயத்தானின் முகம் இன்னதென்று அண்டை வீட்டாருக்குக் கற்பித்ததில் அந்த அரிதாரப் பெட்டிக்கும் பங்குண்டு. ஆகவே, அப்பெட்டியைத் திறந்து பார்க்கும் உரிமை நமக்கும் உண்டு.

1950-ஆம் ஆண்டில் இந்நிலையத்தார் 'திகம்பர சாமியார்' என்னும் படத்தை எடுத்தனர். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவலைத் தழுவிய அப்படத்தில் எம். என். நம்பியார் பத்துக்கும் மேற்பட்ட மாறுவேடங்களில் தோன்றினார். பிற்காலத்தில் 'நவராத்திரி' (1964), 'தசாவதாரம்' (2008) ஆகிய படங்களை வியந்து பேசுவோர், இவ்வடிவாரத்தில் அன்றே நிகழ்ந்த அம்முயற்சியை எண்ணிப் பார்ப்பதில்லை. நம்பியார் பயின்றது நவாப் இராஜமாணிக்கம் பிள்ளையின் நாடகக் குழுவில். அப்பெயரின் முன்னே நிற்கும் 'நவாப்' என்பது பிறப்பால் வந்ததன்று. 'பக்த ராமதாஸ்' நாடகத்தில் அவர் ஏற்ற நவாப் வேடத்தால் ஒட்டியது. ஒரு முஸ்லிம் ஆட்சியாளனின் வேடம், அவ்வேடமிட்ட இந்து நடிகரின் பெயராகவே நிலைத்துவிட்டது. ஒப்பனையின் ஆற்றலுக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இங்கே நம் முதல் அளவுகோல் பிறக்கின்றது. மாறுவேடத்தின் அருமை மாறாத முகத்தைப் பார்த்தால்தான் விளங்கும். பத்து வேடங்களையும் வரிசையாக அச்சிட்டு, வேடமற்ற முகத்தை அச்சிடாத நூல், கணக்கின் விடையை மட்டும் காட்டி வழியை மறைக்கும் நூலாகும். முதற்பக்கத்தில் கழுவிய முகம் வேண்டும். அதுவும் வேடமிட்ட முகத்தை எடுத்த அதே ஒளியில், அதே தொலைவில், அதே கோணத்தில் எடுத்ததாயிருத்தல் வேண்டும். ஒளியை மாற்றினாலே ஒருவனுக்கு வயதைக் கூட்டலாம், குறைக்கலாம்; அவ்வாறு செய்துவிட்டு அதனை ஒப்பனையின் கணக்கில் எழுதுவது நேர்மையன்று. பழைய படங்களுக்கு அத்தகைய இணை கிட்டாதெனின், அக்காலத்து இயல்பான உருவப்படமொன்றையேனும் அருகில் வைத்தல் தகும்.

இரண்டாவது அளவுகோல் செய்முறை. அமெரிக்கரான ரிச்சர்ட் கோர்சன் 1942-இல் வெளியிட்ட 'ஸ்டேஜ் மேக்கப்' என்னும் நூல் பல பதிப்புகள் கண்டு, நாடக ஒப்பனை பயில்வோருக்குப் பாடநூலாக விளங்கியது. 1997-இல் கெவின் ஓக்வான் வெளியிட்ட 'மேக்கிங் ஃபேசஸ்', முகம் படிப்படியாக மாறுவதைக் காட்டிற்று. இவற்றின் சிறப்பு, தொழிலின் இரகசியத்தைப் பூட்டி வைக்காமையே. நம் அடிவாரத்துக் கலைஞர்களிடமும் சொல்லத்தக்க இரகசியங்கள் இருந்தன. கறுப்பு வெள்ளைப் படச்சுருளுக்கு நிறம் தெரியாது. வெளிச்சத்தின் ஏற்றத்தாழ்வே தெரியும். உதட்டுச் சிவப்பு சற்று மிகுந்தால் திரையில் அது கறுத்துத் தோன்றும். ஆகவே கண்ணுக்கு அழகாயிருப்பதை விடுத்து, படச்சுருளுக்கு அழகாயிருப்பதைத் தீட்ட வேண்டியிருந்தது. 1956-இல் கேவா கலரில் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் அது. சாம்பல் நிறத்தில் எண்ணிப் பழகிய ஒப்பனையாளர், தலைப்பாகையின் பட்டு நிறத்திற்கும் கன்னத்தின் நிறத்திற்கும் பொருத்தம் பார்க்க நேர்ந்தது அன்று. அம்மாற்றத்தை விளக்காத நூல் வரலாற்று நூலாகாது.

இனி, இக்கட்டுரைத் தலைப்பின் இரு முகங்களுக்கு வருவோம். முதலாவது முகம் மேற்கூறிய அலிபாபாவின் உலகம். எம். ஜி. இராமச்சந்திரன் அலிபாபாவாகவும், பி. எஸ். வீரப்பா கொள்ளைத் தலைவன் அபு உசேனாகவும் தோன்றிய அப்படத்தில், தாடியும் தலைப்பாகையும் சரிகையும் சேர்ந்து ஒரு பாக்தாத்தைச் சேலத்தில் எழுப்பின. அக்கதையின் பிறப்பும் நோக்கத்தக்கது. 'ஆயிரத்தோர் இரவுகள்' தொகுப்பின் பழைய அரபுக் கையெழுத்துப் பிரதிகளில் அலிபாபா கதை இல்லை. அலெப்போ நகரத்தவரான ஹன்னா தியாப் என்பவர் 1709-இல் பாரிசில் அந்துவான் காலந்திடம் சொல்ல, அவர் பிரெஞ்சு மொழியில் எழுதிச் சேர்த்த கதை அது. பாரிசில் எழுத்தேறிய கீழ்நாட்டுக் கதை, உலகைச் சுற்றிச் சேர்வராயன் அடிவாரத்தில் பொங்கலுக்குத் திரையேறியது! அது கற்பனை உலகம் என்பதால் அதன்மீது நமக்குக் குறையில்லை. குழந்தைகள் களித்தனர், நாமும் களித்தோம்.

இரண்டாவது முகம் ஐந்தாண்டுகளுக்குப் பின் வந்தது. 1961-இல் இதே நிறுவனத்தின் தயாரிப்பில், இதே சுந்தரம் அவர்களின் இயக்கத்தில், 'கண்டம் பெச்ச கோட்டு' என்னும் மலையாளப் படம் வெளிவந்தது. மலையாளத்தின் முதல் வண்ணப்படம் அதுவே. அதன் நடுநாயகம் மம்மதுக் காக்கா என்னும் செருப்புத் தைக்கும் ஏழை மாப்பிள்ளை முதியவர். ஹஜ்ஜுக்குச் செல்லும் ஆசையால் காசு காசாகச் சேர்க்கிறார். ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு அணிந்த கோட்டே அவருக்கு உடுப்பு. படத்தின் பெயரும் அதுவே. இங்கே சரிகை இல்லை. கொள்ளையர் குகை இல்லை. உழைத்துத் தேய்ந்த தோலையும், நரைத்த மயிரையும், நைந்த துணியையும் ஒப்பனைக் கலை காட்ட வேண்டியிருந்தது. வண்ணம் என்பது மின்னுவதற்கே என்று எண்ணப்பட்ட காலத்தில், ஓர் ஏழையின் கந்தலுக்கு அவ்வண்ணம் செலவிடப்பட்டது.

ஒரே அடிவாரம், ஒரே தயாரிப்பாளர். இடைவெளி ஐந்தே ஆண்டுகள். ஒன்று முஸ்லிமைத் தூரத்து அதிசயமாகக் காட்டிற்று. மற்றொன்று பக்கத்துத் தெரு மனிதனாகக் காட்டிற்று. இவ்விரு முகங்களையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிட்டு, கீழே ஆண்டையும் படப்பெயரையும் மட்டும் குறித்தால் போதும். பக்கம் பக்கமாக நாம் எழுதும் விமர்சனத்தை அவ்விரு படங்களே செய்துவிடும். பக்கங்களை அடுக்குவது அலங்கார வேலையன்று. அதுவே நூலின் வாதம். எதன் அருகில் எதனை வைக்கின்றோம் என்பதில்தான் நூலாசிரியனின் நீதி இருக்கிறது.

பின்வந்த பல படங்களில் நம்மவர் எவ்வாறு தோன்றினர் என்பதை வாசகர் அறிவர். ஒட்டுத்தாடி, வலைத்தொப்பி, கட்டம் போட்ட லுங்கி, கழுத்தில் தாயத்து. இவை அமைந்தால் 'பாய்' ஆயத்தம். காயல்பட்டினத்து வணிகரும், நாகூர்ப் புலவரும், சேலத்துக் கடைவீதி வியாபாரியும் ஒரே தொப்பிக்குள் அடங்கிவிட்டனர். இது பகையால் மட்டும் நேர்ந்தது என்று நாம் சொல்லவில்லை. பெரும்பாலும் சோம்பலால் நேர்ந்தது. முகத்தைக் கவனிக்க நேரமில்லாதபோது, அடையாளத்தை ஒட்டிவிட்டு நகர்வது எளிது. நல்ல ஒப்பனையாளன் முகத்தைப் படிப்பவன்; அவசர ஒப்பனையாளன் பெட்டியைத் துழாவுபவன். இவ்வேறுபாட்டைக் கண்ணால் காட்ட வல்லது புகைப்பட நூல் ஒன்றே. அத்தகைய நூலைப் பார்த்து வளரும் பிள்ளைகள், நம் பிள்ளைகளாயினும் பிறர் பிள்ளைகளாயினும், ஒட்டிய தாடியையும் வளர்ந்த தாடியையும் பிரித்தறிவர்.

அடிவாரத்து நிலையத்தோடு முகமெழுதும் மரபு முடிந்துவிடவில்லை என்பதையும் கூறவேண்டும். சேலம் மாவட்டத்துச் சிற்றூர்களில் தெருக்கூத்து இன்றும் உயிருடன் இருக்கின்றது. கூத்தர் தரையில் அமர்ந்து, கையளவு கண்ணாடியைப் பார்த்துத் தம் முகத்தைத் தாமே எழுதுகின்றனர். 'அரிதாரம்' என்னும் சொல்லே மஞ்சள் நிறக் கனிமம் ஒன்றின் பெயர். பின்னர் வேடப்பூச்சு முழுவதற்கும் பெயராயிற்று. படப்பிடிப்பு நிலையத்தில் ஒருவர் எழுத மற்றொருவர் முகம் கொடுத்தார். கூத்திலோ எழுதுபவரும் அவரே, எழுதப்படுபவரும் அவரே. நாம் வேண்டும் நூலில் இக்கூத்தருக்கும் இடமுண்டு. ஆனால் அவரை 'கிராமியக் கலைஞர்' என்று பெயரின்றி அச்சிடுவது தகாது. நட்சத்திரத்திற்குப் பெயர், கூத்தருக்கு வெறும் வகைப்பெயர் என்பது என்ன நியாயம்?

பெயர் என்பதே மூன்றாவது அளவுகோல். எம். ஜி. ஆரின் ஒப்பனையாளர் பீதாம்பரம் போன்ற வெகு சிலரின் பெயர்களே மக்களிடையே நிலைத்தன. மற்றையோர் படத்தின் தொடக்கத்தில் ஓரிரு நொடி தோன்றி மறைந்த எழுத்துகளே. நம் நாட்டின் தேசியத் திரைப்பட விருதுகள் 1954-இல் தொடங்கின. ஒப்பனைக்கு விருது 2006-ஆம் ஆண்டின் படங்களுக்கே முதன்முதல் வழங்கப்பட்டது. அரை நூற்றாண்டுத் தாமதம்! பெண்களின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. மும்பைத் தொழிற்சங்கம் ஒன்று பெண்களுக்குக் கூந்தல் அலங்காரத்தை மட்டும் ஒதுக்கி, ஒப்பனையாளர் அட்டையை மறுத்து வந்தது. அவ்விதி செல்லாதென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2014 நவம்பரில்தான். மணப்பெண்ணை அலங்கரிக்கத் தகுந்த கை, படப்பிடிப்பு நிலையத்தில் தகுதியற்றதாகிவிட்ட விந்தையை என்னென்பது? ஆகவே ஒவ்வொரு படத்தின் கீழும் நடித்தவர் பெயருக்கு இணையான எழுத்தில் ஒப்பனையாளர் பெயரும் படமெடுத்தவர் பெயரும் அச்சாக வேண்டும்.

அச்சு வேலையைப் பற்றியும் இரண்டொரு சொல். நூல் பதினாறு பக்கப் ஃபாரங்களாக அச்சாவது வழக்கம். ஆகவே படங்களைத் தேர்ந்த பின் பக்கத்தை எண்ணாமல், பக்கத்தை எண்ணிப் படங்களைத் தேர்வதே சிக்கனம். ஒரு முகத்தை இரு பக்கங்களுக்கும் விரித்து, மூக்கைத் தையலுக்குள் புதைப்பது பெரும்பிழை. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை ஒற்றை மையில் அச்சிட்டால் நிழல்கள் சேறாகும். கறுப்போடு சாம்பல் மையும் சேர்த்து இரு மையில் அச்சிட்டால் தோலின் மென்மை மீளும். அனைத்தினும் மேலாக, நம் மக்களின் மாநிறத்தைக் கணினியில் வெளுப்பாக்கும் ஆசையை அச்சகத்தார் விட்டொழிக்க வேண்டும். இம்மலையின் அடியில் வெள்ளைக்கல் வெட்டுகின்றனர். உச்சியிலோ மண் சிவந்து கிடக்கின்றது. மலைக்கே ஒரு நிறம் போதவில்லை. மனிதர்க்கு மட்டும் ஏன் ஒரே நிறம்?

பொருளுக்கு எங்கே போவது என்று தயங்க வேண்டியதில்லை. திரைப்பட நிழற்படங்களை ஆயுள் முழுதும் சேர்த்து, 2004-இல் தமிழ்த் திரைப்பட வரலாற்றைப் பெருநூலாக வெளியிட்ட ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் அவர்கள், தனியொருவரால் எவ்வளவு இயலும் என்று காட்டிச் சென்றார். ஒப்பனையாளர் குடும்பங்களின் பரண்களில் பழைய படங்கள் இருந்தால், அவை கரையானுக்கு இரையாகுமுன் கேட்டு வாங்கப்பட வேண்டும்.

அந்நூல் வருமாயின், நம் வீட்டு அலமாரியிலும் அதற்கு இடம் உண்டு. மம்மதுக் காக்காவின் ஒட்டுப் போட்ட கோட்டைக் காட்டி, 'இவர் யார்?' என்று நம் பேரப்பிள்ளை கேட்கக்கூடும். 'நம்மைப் போல் ஒருவர்' என்று நாம் சொல்வோம். அடுத்த பக்கத்தைப் புரட்டி அந்தக் கோட்டை அணிந்தவரின் கழுவிய முகத்தையும், அவரை அவ்வாறு ஆக்கியவரின் பெயரையும் பிள்ளை படிக்குமாயின், அந்நூல் தன் கடனைச் செய்தது என்போம்.