இயக்குவினையும் சாட்சியும்: ஆசிரியரே அச்சிட்டு வழங்கும் தமிழ்ச் சமய நூல்களின் மொழி

1. முன்னுரை

தமிழில் அச்சேறும் சமய நூல்களுள் ஒரு பகுதி நூலகப் பட்டியல்களிலும் மதிப்புரைப் பக்கங்களிலும் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர், செவிலியர், சிறு வணிகர், சபைப் பணியாளர் போன்றோர் தம் வாழ்வில் நேர்ந்த நோய், கடன், இழப்பு, மனமாற்றம் ஆகியவற்றை எழுதித் தம் சொந்தச் செலவில் அச்சிட்டு, ஆராதனை முடிந்து வெளிவருவோரிடம் வழங்கும் சிறு நூல்கள் அவை. விலை குறிக்கவேண்டிய இடத்தில் ‘இலவச வெளியீடு’ என்றோ ‘நன்கொடை’ என்றோ அச்சிடப்பட்டிருக்கும். கிறித்தவ வழக்கில் இவற்றுக்குச் ‘சாட்சி’ நூல்கள் என்று பெயர். பிற சமயத்தாரிடையேயும் இத்தகைய நூல்கள் உண்டெனினும் இக்கட்டுரை தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளைச் சார்ந்த சாட்சி நூல்களையே எடுத்துக்கொள்கிறது.

இந்நூல்களைப் பற்றி மூன்று மதிப்பீடுகள் நிலவுகின்றன. எல்லாம் ஒரே வார்ப்பில் அமைந்தவை என்பர் திறனாய்வாளர். வடசொல்லும் வழக்கிழந்த நடையும் மலிந்தவை என்பர் மொழித்தூய்மை நாடுவோர். எளிதில் பெயர்க்கத்தக்கவை என்பர் மொழிபெயர்ப்பாளர். இம்மூன்றும் சொற்களையே நோக்குகின்றன, வினைகளை நோக்கவில்லை. சாட்சி நூலின் தனித்தன்மை அதன் வினையமைப்பில் உள்ளது என்பதும், ஒரு நூலை மற்றொன்றிலிருந்து தரம் பிரித்தறிய உதவும் அளவுகோலும் அங்கேயே கிடைக்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்துகள்.

2, 3, 4 ஆம் பகுதிகளில் தரப்படும் தொடர்கள் இவ்வகை நூல்களின் நடையைக் காட்டுவதற்காக வகைமாதிரியாக அமைக்கப்பட்டவை. எந்தத் தனி நூலிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல. இந்நூலாசிரியர்கள் பொதுவாழ்வில் உள்ளவர் அல்லராதலின் அவர்தம் பெயர்களும் தரப்படவில்லை.

2. சொல்வழக்கின் பின்னணி

தமிழில் புதிய ஏற்பாட்டைச் சீகன்பால்கு தரங்கம்பாடியில் அச்சிட்டு முடித்த ஆண்டு 1715. அதன்பின் பல மொழிபெயர்ப்புகளும் திருத்தங்களும் தோன்றின. எனினும் சாட்சி நூல்களின் உரைநடைக்கு அடித்தளமாக அமைந்தது பவர் தலைமையிலான குழுவின் 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பே ஆகும். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் மீட்பு, தூய ஆவி, நற்செய்தி என்னும் சொற்களை ஆள்கிறது. சாட்சி நூலாசிரியரோ இரட்சிப்பு, பரிசுத்த ஆவி, சுவிசேஷம் என்றே எழுதுகின்றனர். இது அறியாமையால் அன்று. அவர்கள் மனப்பாடமாகக் கற்றதும், நோய்ப்படுக்கையில் சொல்லக் கேட்டதும், அடக்க ஆராதனையில் கூறக் கேட்டதும் அப்பழைய சொற்களையே. அச்சொற்களை மாற்றினால் பொருள் மாறாதிருக்கலாம். அவற்றோடு பிணைந்த நினைவு அறுந்துபோகும்.

மேலும், பழகிய சமயச் சொல் எல்லாம் வெறும் மரபுச் சொல்லும் அன்று. ‘ஊழியம்’ என்பதை எடுத்துக்கொள்ளலாம். இன்றைய குமரி மாவட்டம் உட்படப் பழைய திருவிதாங்கூரில் இது ஒடுக்கப்பட்ட சாதியார்மீது சுமத்தப்பட்ட ஊதியமற்ற கட்டாய வேலையைக் குறித்தது. அதே சொல் சமயப் பணியையும் குறிக்கிறது. அப்பகுதியிலிருந்து ஒருவர் ‘ஊழியத்திற்கு வந்தேன்’ என்று எழுதும்பொழுது, பிறர் சுமத்திய வேலையின் பெயர் தாமே விரும்பி ஏற்ற வேலைக்கு உரியதாகிறது. ‘சமயப்பணி’ எனத் திருத்தினால் இவ்வரலாறு மறைந்துவிடும்.

ஆங்கிலத் தொடர்களின் நேர்பெயர்ப்பாக வந்தவையும் இந்நடையில் உண்டு. ‘ஆத்துமாக்களுக்காகப் பாரம் கொடுத்தார்’, ‘என்னை எடுத்துப் பயன்படுத்தினார்’, ‘தேவைகளைச் சந்தித்தார்’ என்பன சபைப் பேச்சில் வேரூன்றிவிட்டன. இவற்றுள் இறுதியாக உள்ளது 4ஆம் பகுதியில் ஆராயப்படும்.

3. இயங்குவதும் இயக்கப்படுவதும்

திருந்து – திருத்து, மாறு – மாற்று, தேறு – தேற்று, நட – நடத்து, உயர் – உயர்த்து என ஒரே வேரிலிருந்து பிறக்கும் வினையிணைகள் தமிழில் மிகுதி. இத்தகைய வேறுபாட்டை இயங்குவினை, இயக்குவினை எனப் பெயரிட்டு விளக்கியவர் கு. பரமசிவம். செயலின் பயன் எழுவாயிலேயே நிகழ்வது முன்னது. எழுவாயிலிருந்து பிறிதொன்றின்மேல் செல்வது பின்னது.

சாட்சி நூல் இவ்விணைகளைக் கொண்டே கட்டப்படுகிறது. பின்வருவனவற்றை ஒப்பிடுக:

(1) அ. நான் திருந்தினேன்.
    ஆ. கர்த்தர் என்னைத் திருத்தினார்.
(2) அ. நான் தேறினேன்.
    ஆ. அவர் என்னைத் தேற்றினார்.
(3) அ. என் தவற்றை உணர்ந்தேன்.
    ஆ. என் தவற்றை எனக்கு உணர்த்தினார்.

உலகியல் தன்வரலாற்றில் (அ) வகைத் தொடர்கள் இயல்பானவை. சாட்சி நூலில் மனமாற்றம் நிகழும் இடத்தை ஒட்டி (ஆ) வகைத் தொடர்கள் தோன்றத் தொடங்குகின்றன. அதற்கு முன் எழுவாயாக நின்ற ‘நான்’ பின்னர் ‘என்னை’ எனவும் ‘எனக்கு’ எனவும் வேற்றுமை ஏற்கிறது. கதையின் திருப்பம் நிகழ்ச்சியால் மட்டும் அன்றி இலக்கணத்தாலும் காட்டப்படுகிறது. எழுதுவோர் இதனை இலக்கணமாக அறிந்து செய்வதில்லை. ஆயினும் வினையின் வேர் மாறாது எழுவாய் மட்டும் மாறுவதால், நிகழ்ந்தது அதுவே, நிகழ்த்தியவர் வேறு என்பதைத் தமிழ் கற்றோர் எவரும் உடனே உணர்வர்.

இது கிறித்தவர்க்கே உரிய அமைப்பும் அன்று. சைவ மரபில் ‘ஆட்கொள்ளுதல்’ என்னும் கருத்தும் பெரியபுராணத்தில் ‘தடுத்தாட்கொண்ட புராணம்’ என்னும் பகுதித் தலைப்பும் அடியாரைச் செயப்படுபொருளாக்குவனவே. அயற்சொற்களால் நிறைந்ததாகத் தோன்றும் சாட்சி நூல், வினையளவில் தமிழின் பழைய பத்தி மரபை ஒட்டியே செல்கிறது.

4. மறைந்துபோகும் மனிதர்

இவ்வமைப்பின் வலிமையே அதன் குறையும் ஆகிறது. இறைவன் ஒருவனே எழுவாயாகும்பொழுது ஏனையோர் தொடரிலிருந்து விலக்கப்படுகின்றனர்.

(4) கர்த்தர் என் தேவைகளைச் சந்தித்தார்.

ஆங்கிலம் அறியாத தமிழர்க்குச் ‘சந்தித்தல்’ ஒருவரை நேரிற் காண்பதாகும். எனவே இத்தொடர் வறுமையின் முன் இறைவன் நேரில் வந்து நிற்பதான ஒரு காட்சியைத் தருகிறது. நேர்பெயர்ப்பாகப் பிறந்த தொடர் மூலத்தில் இல்லாத அழகைப் பெற்றுள்ளது எனலாம். ஆயினும் அவ்வீட்டில் அன்று அரிசி எங்கிருந்து வந்தது? கடன் கொடுத்தவர் யார்? அவர் வேற்றுச் சமயத்தவராகவும் இருக்கலாம். (4) இவ்வினாக்களுக்கு இடம் அளிப்பதில்லை.

சற்றுக் கவனமுள்ள ஆசிரியர் ‘பக்கத்து வீட்டுக்காரர் மூலமாக’ என்று சேர்ப்பார். மனிதர் தொடருக்குள் வந்துவிடுகிறார். ஆனால் கருவியாக மட்டுமே வருகிறார். இவ்வகையில் சிறந்த நூல்கள் முதலில் மனிதர் செய்ததை மனிதரையே எழுவாயாக்கிச் சொல்லி முடித்து, அதன்பின் தனித்தொடராக நம்பிக்கையைக் கூறுகின்றன:

(5) பக்கத்து வீட்டுக்காரர் ஒரு படி அரிசி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். அன்று கர்த்தர் எங்களைப் போஷித்தார்.

(5)இன் முதல் தொடர் நிகழ்ச்சி. இரண்டாம் தொடர் அதற்கு ஆசிரியர் தரும் பொருள். இரண்டும் பிரிந்து நிற்பதால் நம்பிக்கை இல்லாத வாசகரும் முதல் தொடரை ஏற்கலாம். நம்பிக்கையுள்ளோர் இரண்டையும் ஏற்கலாம். நிகழ்ச்சியைப் பொருள் விழுங்கிவிட்ட நூல்களே ஒரே வார்ப்பாகத் தோன்றுகின்றன. ஆகவே தரத்தின் வேறுபாடு சொல்வளத்தைப் பொறுத்ததன்று. எழுவாயை யார்க்கு எப்பொழுது விட்டுக்கொடுப்பது என்னும் நிதானத்தைப் பொறுத்தது.

5. திருத்துவோர் செய்யும் பிழை

இக்கருத்துக்கு நான் வந்தது என் பிழை ஒன்றன் வழியே ஆகும். சில ஆண்டுகளுக்கு முன் திருநெல்வேலிப் பகுதியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் தம் சாட்சியை அச்சிடுமுன் பிழை திருத்தித் தருமாறு கையெழுத்துப்படியை என்னிடம் தந்தார். நூல் முழுதும் ‘நடத்தினார்’, ‘உணர்த்தினார்’, ‘தேற்றினார்’ என்றே சென்றது. மகனின் இறப்பைக் கூறும் இடத்தில் மட்டும் பேச்சுவழக்கில், ‘பிள்ளை போய்ட்டான். படுக்கை விரிப்ப நானே மடிச்சு வச்சேன்’ என்று இரு தொடர்கள் இருந்தன.

நடை ஒருமைப்பாடு கருதி முதல் தொடரைக் ‘கர்த்தர் என் மகனைத் தம்மிடம் எடுத்துக்கொண்டார்’ என மாற்றினேன். இரண்டாம் தொடர் செய்திக்குத் தேவையற்றதெனக் கருதி நீக்கினேன். அச்சுப்படியைப் பார்த்த அவ்வம்மையார் அப்பக்கத்தில் விரலை வைத்து, ‘நான் அப்படிச் சொல்லலையே, தம்பி. போய்ட்டான்னுதான எழுதியிருக்கேன். அவர் எடுத்தாரா இல்லையான்னு எனக்கு இன்னும் தெரியலை’ என்றார். அவ்விரு தொடர்களும் அவர் எழுதியவாறே மீண்டும் சேர்க்கப்பட்டன.

நான் செய்தது நடைத்திருத்தம் அன்று. ‘எடுத்துக்கொண்டார்’ என்பதில் ‘கொள்’ என்னும் துணைவினை, செயல் எழுவாயின் விருப்பத்திற்கும் பயனுக்கும் உரியது என்னும் பொருளைத் தருகிறது. ‘போய்விட்டான்’ என்பது இயங்குவினை. அதில் உள்ள ‘விடு’ முடிந்துபோன, மீட்க இயலாத நிலையைக் காட்டுகிறது. நிகழ்த்தியவர் எவரையும் சுட்டுவதில்லை. எல்லாவற்றுக்கும் இறைவனை எழுவாயாக்கிய ஒருவர் இவ்வோர் இடத்தில் எழுவாயாக்காது விட்டிருந்தார். அடுத்த தொடரில் ‘நானே’ என்று தம்மையே எழுவாயாக்கிக்கொண்டார். வாழ்நாளெல்லாம் பிறர் படுக்கைகளைச் சீர்செய்த செவிலியர் அவர். அவருடைய நம்பிக்கையின் மிகக் கடினமான இடம் அந்த இலக்கண மாற்றத்தில் இருந்தது. அதையே நான் பிழையெனக் கொண்டேன். பின்வரும் அதிகாரத்தில் அவர் மீண்டும் ‘தேற்றினார்’ என்று எழுதுவதை, இம்மௌனத்தைக் கண்டபிறகே நம்ப முடிகிறது.

எழுத்துவழக்கின் நடுவே பேச்சுவழக்கு தோன்றினால் அது எழுதத் தெரியாமையின் விளைவு எனக் கொள்வது பதிப்பாசிரியர் வழக்கம். சாட்சி நூலில் பயின்ற வாய்பாடு பயன்படாத இடத்திலேதான் பெரும்பாலும் பேச்சுவழக்கு தலைகாட்டுகிறது. எனவே அவ்விடத்தைத் திருத்துமுன் எழுதியவரைக் கேட்டறிதல் வேண்டும்.

6. மொழிபெயர்ப்பில் இழப்பு

மேற்கூறிய வினையிணைகள் ஆங்கிலத்தில் ஒரே வேரில் கிடைப்பதில்லை. ‘நட’ என்பதற்கு ஒரு சொல்லும் ‘நடத்து’ என்பதற்கு வேறொரு சொல்லும் இடப்படும். ‘மாறு’, ‘மாற்று’ இரண்டுக்கும் ஒரே வடிவம் வரும். முதல்வகையில் உறவு அறுகிறது. இரண்டாம்வகையில் வேறுபாடு அழிகிறது. இறைவனை எழுவாயாக்குவதில் கூச்சமுற்றுச் செயப்பாட்டுவினையாகப் பெயர்ப்பதும் உண்டு. அவ்வாறு செய்தால் செய்தவர் யார் எனச் சொல்லும் தொடரும், செய்தவரைச் சொல்லாது விட்ட தொடரும் ஒன்றுபோல் ஆகிவிடும். மேற்கண்ட செவிலியர் நூலில் இவ்வேறுபாடே உயிரானது.

இந்திய மொழிகளுக்கிடையே நிலைமை வேறு. மலையாளத்தில் மாறுக – மாற்றுக என்னும் இணை உண்டு. இந்தியில் சுதர்னா – சுதார்னா, சல்னா – சலானா என்பன உண்டு. தமிழிலிருந்து நேரே இம்மொழிகளில் பெயர்ப்போர் இவ்வமைப்பைப் பெருமளவு காக்கலாம். ஆங்கிலத்தின் வழியாகப் பெயர்ப்போர்க்கு அது எட்டுவதில்லை. நேர்பெயர்ப்பிலும் விழிப்பு தேவை. தமிழில் ‘உணர்தல்’ பெரும்பாலும் அறிதலைக் குறிக்க, மலையாளத்தில் ‘உணருக’ என்பது துயிலெழுதலைக் குறிப்பதே பெருவழக்கு. வடிவ ஒற்றுமையை நம்பினால் தவற்றை அறிந்தவர் உறக்கத்திலிருந்து எழுந்தவர் ஆகிவிடுவார்.

7. முடிவுரை

பெயர் அறியப்படாத ஆசிரியர்கள் தம் செலவில் அச்சிடும் சாட்சி நூல்களை இலக்கியமெனப் போற்றவேண்டும் என்பது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. அவற்றுட் பல வாய்பாட்டிலேயே தொடங்கி வாய்பாட்டிலேயே முடிபவை. ஆயினும் பொதுத் தமிழ் உரைநடையில் அரிதாகக் காணப்படும் ஓர் இலக்கண ஒழுங்கு இவற்றில் முழுமையாகச் செயற்படுகிறது. அவ்வொழுங்கு எங்கே பின்பற்றப்படுகிறது, எங்கே மீறப்படுகிறது என்பதை நோக்கினால் ஆசிரியர் தாம் நம்புவதையும் நம்ப இயலாது தவிப்பதையும் பிரித்தறியலாம்.

மொழித்தரவுத் தொகுப்பாளர் இந்நூல்களைத் தம் தொகுப்புகளில் சேர்த்தல் நன்று. சேர்க்கும்பொழுது வடசொற்களையும் பேச்சு வடிவங்களையும் சீர்ப்படுத்தாது அச்சில் உள்ளவாறே பதிதல் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வினைக்கும் எழுவாய் யார் என்பதை முதலில் குறித்துக்கொண்டு அதன்பின் சொல் தேடுதல் நலம். எழுவாய் இல்லாத இடத்தில் எழுவாயைப் படைக்க அவர்க்கு உரிமை இல்லை.