நதியில்லாத ஊரின் சரித்திரம்

ஊர்ச் சரித்திரம் என்று நம்மிடையே வெளிவருகிற புத்தகங்களைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் ஏற்படுவதுண்டு. அந்த ஊரில் மனிதர்கள் வசித்தார்களா, இல்லையா? ராஜா வருகிறார், மானியம் கொடுக்கிறார், போய்விடுகிறார். நாயனார் வருகிறார், பதிகம் பாடுகிறார், அவரும் போய்விடுகிறார். பிறகு கலெக்டர் வந்து வரி விதிக்கிறார். ஊரிலேயே கிடந்தவன் வருவதுமில்லை, போவதுமில்லை என்பதனாலோ என்னவோ, அவனைப் பற்றி எழுத ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது.

திருச்செங்கோட்டை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அந்த ஊருக்குப் புராணமும் உண்டு, சரித்திரமும் உண்டு, நாவலும் உண்டு. இப்படி மூன்றும் வாய்த்த சிற்றூர்கள் தமிழ்நாட்டில் அதிகமில்லை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

புராணத்தின் கண் மலை உச்சியில் இருக்கிறது. அதில் தவறில்லை. ஆணும் பெண்ணும் ஒரே உடம்பாக நிற்கிற அர்த்தநாரீசுவரர் அங்கே இருக்கிறபோது கீழே பார்க்க யாருக்குத் தோன்றும்? 1,200 படிகளுக்கு மேல் ஏற வேண்டும். வழியில் பாறையிலே 60 அடி நீளத்துக்கு ஆதிசேஷனைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மேலெல்லாம் மஞ்சளும் குங்குமமும். அருணகிரிநாதர் இந்த மலை முருகனை மறக்க முடியாமல் பாடியிருக்கிறார். கண்ணகி விண்ணேறிய நெடுவேள் குன்றமும் எங்கள் மலைதான் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். இந்த வழக்கு உரையாசிரியர்கள் காலத்திலேயே ஆரம்பமாகிவிட்டது. அடியார்க்கு நல்லார் ஒப்புக்கொள்ளவில்லை. திருச்செங்கோடு வஞ்சியிலிருந்து வெகுதூரம், திசையும் வேறு என்று தள்ளிவிட்டார். ஊர்ப் பெருமைக்கு முன்னால் தூரத்தை அளந்து பார்த்த அந்த மனிதரிடம் எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு. இன்றைக்கும் ஊர்ச் சரித்திரம் எழுதுகிறவர்கள் அவரிடமிருந்து அந்த ஒரு குணத்தையாவது கடன் வாங்கலாம்.

புராணத்தில் மனிதன் தட்டுப்படுகிற இடம் ஒன்று இருக்கிறது. ஞானசம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூருக்கு வந்து தங்கியபோது உடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றிக்கொண்டது, திருநீலகண்டப் பதிகம் பாடினார், சுரம் நீங்கிற்று. அற்புதத்தை விட்டுவிடுங்கள். பனிக்காலத்தில் அந்த நாட்டில் வழக்கமாக வருகிற சுரம் அது என்று சேக்கிழார் சொல்லியிருக்கிறார். சென்னையிலே மந்திரியாக இருக்கவில்லை அவர். சோழ நாட்டிலே இருந்தவர். இருந்தும் கொங்கு நாட்டுக் குடியானவன் ஆண்டுதோறும் நடுங்கிக் கிடந்ததை அந்த ஒரு வரித் தகவலில் நமக்குத் தெரிவித்துவிட்டார். இதற்குப் பிறகு பல நூற்றாண்டுகளுக்கு வேறு தகவல் வேண்டுமென்றால் கல்வெட்டுகளைத்தான் தேட வேண்டும்.

அப்படித் தேடியவர் தி. அ. முத்துசாமிக் கோனார். திருச்செங்கோட்டுக்காரர். கார்மேகக் கவிஞரின் கொங்கு மண்டல சதகத்தை 1923-இல் உரையோடு பதிப்பித்தார். 1934-இல் 'கொங்குநாடு' என்ற சரித்திரத்தை எழுதி வெளியிட்டார். ஒரு சிறிய ஊரில் இருந்துகொண்டு, சர்வகலாசாலையின் ஆதரவு ஒன்றுமில்லாமல், பாட்டையும் சாசனத்தையும் சேர்த்து ஒரு நாட்டின் சரித்திரத்தை எழுதினார் என்பது லேசான காரியமில்லை. நான் அவரைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் கையிலே கிடைத்த பாட்டு, கொடுத்தவனைப் பாடிய பாட்டு. கையிலே கிடைத்த சாசனம், கொடுத்தவன் வெட்டிவைத்த சாசனம். கொடுக்க வழியில்லாதவன் எப்படி உள்ளே வருவான்? கொங்கு நாட்டை இருபத்துநான்கு நாடுகளாகப் பிரித்துச் சொல்கிற மரபில் திருச்செங்கோடு கீழ்க்கரைப் பூந்துறை நாட்டைச் சேர்ந்தது. கீழ்க்கரை என்றால் காவேரியின் கிழக்குக் கரை. பெயரிலே நதி இருக்கிறது. ஊரிலே இல்லை! மேற்கே 10, 12 மைல் போனால்தான் காவேரி. இந்த ஊரின் சரித்திரம் முழுவதும் அந்தப் பத்துப் பன்னிரண்டு மைலுக்குள் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஆற்றங்கரை ஊர்களுக்குச் சரித்திரம் தானாக அமைந்துவிடும். படித்துறை இருக்கும், அக்கிரகாரம் இருக்கும், மதகு யாருடையது என்ற சண்டை இருக்கும். சண்டை இருந்தால் பத்திரம் இருக்கும். பவானியைப் பற்றியும் மோகனூரைப் பற்றியும் எழுதுகிறவனுக்குத் தண்ணீரே பாதிக் கதையைச் சொல்லிக் கொடுத்துவிடும். திருச்செங்கோட்டில் இருந்தது கிணறு. மேட்டுக்காட்டில் சோளம், கம்பு, கடலைக்காய், ஆமணக்கு. தோட்டம் என்றால் கிணறு உள்ள நிலம். பாறையை உடைத்து ஆழ வெட்டிய கிணற்றிலே கவலை பூட்டி, மாடு முன்னும் பின்னும் நடந்து நடந்து இறைத்த தண்ணீர். கோனாரின் புத்தகம் வந்த அதே 1934-இல்தான் மேட்டூர் அணையும் முடிந்தது. பிற்பாடு கிழக்குக்கரைக் கால்வாய் வந்து தாலுகாவில் ஓர் ஓரத்தை நனைத்தது. மற்ற இடமெல்லாம் வானத்தைப் பார்த்தபடியேதான் இருந்தது.

ராஜாஜிக்கு இது தெரிந்திருந்தது. வறண்ட சீமை, மழை பொய்த்தால் பிழைப்பில்லாத குடியானவர்கள். இங்கேதான் ராட்டைக்கு வேலை என்று புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை அமைத்தார். 1925 பிப்ரவரியில் அதைத் திறந்து வைத்தவர் ஈ. வெ. ராமசாமி. (இதை இரண்டு கட்சிக்காரர்களும் மறந்துவிடப் பார்க்கிறார்கள்.) கல்கி அந்த ஆசிரமத்திலிருந்துதான் 'விமோசனம்' பத்திரிகையில் வேலை செய்தார். தமிழின் மிகப் பெரிய கதைசொல்லி ஒருவர் இந்த மண்ணில் சில வருஷங்கள் நடமாடியிருக்கிறார். அதிலிருந்து இந்த மண்ணுக்கு ஒரு நாவல் கிடைத்திருக்கக் கூடாதா என்று நான் ஆசைப்படுகிறேன். கிடைக்கவில்லை. 'விமோசனம்' மதுவிலக்குக்காக நடந்த பத்திரிகை. அதற்குக் குடியானவன் குடிகாரனாகத்தான் தேவைப்பட்டான். கல்கியின் கற்பனை பிறகு காஞ்சிக்கும் தஞ்சைக்கும் போய்விட்டது.

கடைசியில் கீழேயிருந்து பார்க்கிற கண் ஒன்று வந்தது. பெருமாள்முருகன் அந்தப் பக்கத்து மேட்டுக்காட்டில் பிறந்தவர். 1991-இல் 'ஏறுவெயில்', வீட்டு மனைகளுக்காக நிலத்தை இழக்கிற ஒரு குடியானவக் குடும்பம். 1993-இல் 'நிழல்முற்றம்', சினிமாக் கொட்டகையை அண்டிப் பிழைக்கிற பையன்கள். 2000-இல் 'கூளமாதாரி', பண்ணயத்துக்கு விடப்பட்ட ஆடு மேய்க்கும் சக்கிலிப் பையன். இந்த மூன்றில் 'கூளமாதாரி'யைத்தான் நான் மேலாகச் சொல்வேன். அதன் முடிவு ஒரு கிணற்றுக்குள் நடக்கிறது. எஜமானின் மகனும் பண்ணயத்துப் பையனும் ஒரே தண்ணீரில் நீந்துகிற அந்த இடத்தில், இந்தச் சீமையின் சரித்திரம் எனக்கு விளங்கிற மாதிரி எந்தச் சாசனத்திலும் விளங்கவில்லை.

ஆனால் ஊர் கவனித்தது இவற்றை அல்ல. 2010-இல் வந்த 'மாதொருபாகன்' நான்கு வருஷம் சும்மா இருந்தது. 2014 டிசம்பரில் கலகம் மூண்டது. குழந்தையில்லாத பெண் தேர்த்திருவிழா இரவில் கூட்டத்தில் ஒருவனைத் தேடிப் போகலாம் என்று ஒரு பழைய வழக்கத்தை நாவல் சொல்கிறது. ஊரையும் ஊர்ப் பெண்களையும் அவமதித்துவிட்டதாகச் சொன்னார்கள். கடையடைப்பு, சமாதானக் கூட்டம், தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று 2015 ஜனவரியில் ஆசிரியரின் அறிவிப்பு. 2016 ஜூலை 5-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளன் எழுதட்டும் என்று தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பை வரவேற்ற பிறகும் விமரிசகனுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நாவலைச் சரித்திரமாகப் படித்தது ஊராரின் பிழை. அதற்காக ஒரு மனிதனை ஊரைவிட்டுப் போகச் செய்தது பிழையைவிடப் பெரிய காரியம். ஆனால் நாவலின் உயிர் திருவிழா இரவில் இல்லை என்பதை ஆதரித்தவர்களும் கவனித்ததாகத் தெரியவில்லை. காளியின் தொண்டுப்பட்டியில் இருக்கிறது அது. பொன்னாவின் தாய்வீட்டுப் பூவரச மரத்தடியில் இருக்கிறது. பிள்ளையில்லாதவளை விதைக்கிற இடத்தில்கூட ஒதுக்கிவைக்கிற அந்தக் கிராமத்து நாக்கு இருக்கிறதே, அதுதான் சமூக வாழ்க்கை. எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் அந்த இரவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டு, அவளை மறுபடியும் தனியாக விட்டுவிட்டார்கள்.

மலைப்படிகளில் அறுபதாம் படி என்று ஓர் இடம். கடன் தகராறு, வரப்புத் தகராறு எதுவானாலும் அங்கே நின்று கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தால் வழக்கு முடிந்தது என்பது பழைய ஏற்பாடு. அந்தப் படியில் சொல்லப்பட்ட பொய்களையும் மெய்களையும் யாராவது எழுதி வைத்திருந்தால் எத்தனை நாவல்! ஒன்றும் பதிவாகவில்லை. பதிவாகாததைக் கற்பனை செய்கிறவனிடம் போய் ஆதாரம் கேட்கிறோம்.

இன்றைக்கும் ஒரு சரித்திரம் அங்கே எழுதப்படாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. கிணறு வற்றிய ஊர், பூமியைத் துளைக்கிற தொழிலைக் கற்றுக்கொண்டுவிட்டது. ரிக் வண்டி என்றால் இந்தியா முழுவதும் திருச்செங்கோடுதான். ஆந்திரம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தானம் என்று மாதக்கணக்கில் போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். பாஷை தெரியாத ஊர்களில் லாரிக்கு அடியிலேயே படுத்துத் தூங்குகிற அந்தப் பையன்களைப் பற்றி நல்ல நாவல் ஒன்று நான் இன்னும் படிக்கவில்லை.

சங்ககிரி ரோட்டில் ஒரு டீக்கடையில் அப்படி ஒருவனோடு பேசினேன். உடம்பெல்லாம் வெள்ளைப் பாறைப் புழுதி. எங்கெங்கோ தண்ணீர் கண்ட கதைகளைச் சொன்னான். "உன் தோட்டத்திலே எத்தனை அடியிலப்பா தண்ணீர்?" என்று கேட்டேன்.

"ஆயிரம் அடி போட்டமுங்க. புழுதிதானுங்க வந்துச்சு" என்று சொல்லிவிட்டு, டீக்குக் காசு கொடுக்க என்னை விடவில்லை.