பின்னால் கொக்கி மாட்டியது யார்?

பெண்களின் விருந்து உடையைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் முதலில் அளப்பது பாவாடையின் நீளத்தைத்தான். பணப்புழக்கம் கூடினால் பாவாடை மேலேறும், பங்குச்சந்தை விழுந்தால் அதுவும் கணுக்காலுக்கு இறங்கும் என்று ஒரு கோட்பாடு பல பத்தாண்டுகளாகச் சுற்றிவருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிவதற்குச் சில மாதங்கள் முன்பே பாரிஸில் ழான் பட்டூ தம் உடைகளின் விளிம்பைக் கீழே இறக்கிவிட்டார். பாவாடையின் நீளம் சோதிடத்துக்கு உதவலாம். சமூகத்தைப் படிக்க அவ்வளவாக உதவாது. மேற்கத்திய விருந்து உடையின் நூறாண்டுக் கதையை முதுகுப்பக்கத்திலிருந்து படிப்பதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த உடையை எப்படி மூடினார்கள்? மூடிவிட்டது யார்?

1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டனிலோ பாரிஸிலோ வசதியான வீட்டுப் பெண் இரவு விருந்துக்குக் கிளம்புவது சாமானிய வேலை அல்ல. உள்சட்டைக்கு மேல் எஃகுப் பட்டையோ திமிங்கில எலும்போ வைத்துத் தைத்த கார்செட். அதன் முன்பக்கக் கொளுவிகளை அவளே போட்டுக்கொள்ளலாம். முதுகுப்பக்க நாடாவை இழுத்து இறுக்க இன்னொருத்தி வேண்டும். அதற்குமேல் வரும் உடையின் சூட்சுமம் அதை உள்பக்கம் புரட்டிப் பார்த்தால்தான் தெரியும். தையல் ஓரங்களில் மெல்லிய பட்டைகளை உறைபோட்டுத் தைத்திருக்கும். இடுப்பு மட்டத்தில் தனியாக ஓர் அழுத்தமான நாடா. வொர்த் போன்ற பாரிஸின் பெரிய தையலகங்கள் தம் பெயரை அந்த நாடாவிலேயே நெய்துவைத்தன. முதலில் இந்த நாடாவின் கொக்கியைப் போட்டு உடையின் கனத்தை இடுப்பில் நிறுத்த வேண்டும். பிறகு முதுகு நெடுகக் கொக்கியும் வளையமும். ஒரு கொக்கி இந்தப் பக்கம் பார்த்திருந்தால் அடுத்தது அந்தப் பக்கம் பார்த்திருக்கும். மூச்சை இழுத்தாலும் உட்கார்ந்தாலும் கழன்றுகொள்ளாமல் இருக்க இந்த ஏற்பாடு. அணிந்தவளின் கை அங்கே எட்டவே எட்டாது.

எட்டக் கூடாது என்பதுதான் விஷயம். அப்படி ஓர் உடையில் விருந்துக்கு வந்து நிற்பதே வீட்டில் வேலைக்கு ஆள் இருக்கிறது என்று அறிவிப்பதுதான். அந்த நாளில் பிரிட்டனில் பெண்கள் அதிகம் பார்த்த வேலை வீட்டுவேலை; பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பிறர் வீடுகளில் ஊழியம் செய்தார்கள். அவர்களில் ஒருத்தி எஜமானியின் கொக்கிகளை மாட்டி அனுப்பிவிட்டு, நள்ளிரவு தாண்டி அவர் திரும்பும்வரை கண்விழித்துக் காத்திருப்பாள். கழற்றிவிடுவதற்கும் அவள்தானே வேண்டும்? உடை வரலாற்று நூல்கள் வொர்த்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்லும். இந்தக் கண்விழிப்பைப் பற்றி அநேகமாக ஒரு வரி இருக்காது.

கார்செட்டை ஒழித்தவர் என்று பால் புவாரேயைக் கொண்டாடுகிறார்கள். ஓரளவுதான் சரி. 1906 வாக்கில் அவர் இடுப்பை விடுவித்தார். 1910 வாக்கில் எட்டு வைத்து நடக்க முடியாத குறுகலான பாவாடையைக் கொண்டுவந்து காலைக் கட்டினார். மார்பை விடுவித்துக் காலுக்கு விலங்கு போட்டேன் என்று அவரே பெருமையாக எழுதியிருக்கிறார். எனக்கு இவரைவிட முக்கியமாகப் படுகிறவர் நியூயார்க்கின் மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் என்ற இளம்பெண். நடன விருந்துக்குக் கிளம்பும்போது மெல்லிய உடைக்குள்ளிருந்து கார்செட்டின் பட்டைகள் துருத்திக்கொண்டு தெரிந்தன. இரண்டு கைக்குட்டைகளையும் கொஞ்சம் ரிப்பனையும் கொண்டுவரச் சொல்லி, பணிப்பெண்ணை வைத்தே மார்புக்கச்சாகத் தைத்துப் போட்டுக்கொண்டு போனார். 1914இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். பிறகு அதை ஒரு கார்செட் நிறுவனத்துக்கே விற்றார் என்பது தனி வேடிக்கை.

முதல் உலகப்போர் வந்ததும் பணிப்பெண்கள் லட்சக்கணக்கில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளுக்கும் பேருந்துகளுக்கும் போனார்கள். கூலி அதிகம், மாலையில் நேரம் அவர்களுடையது. போர் முடிந்தபின் பலரைத் திரும்ப வீட்டுவேலைக்குத் தள்ளினார்கள். மனமுவந்து போனவர்கள் குறைவு. 1920களின் விருந்து உடையை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். தோளிலிருந்து நேராக விழும் குழாய் போன்ற உடை. இடுப்பு கிடையாது, பட்டை கிடையாது, பெரும்பாலும் கொக்கியும் கிடையாது. தலைவழியாகப் போட்டால் வேலை முடிந்தது. அமெரிக்கப் பெண்கள் 1920இல் வாக்குரிமை பெற்றார்கள். பிரிட்டனில் 21 வயதான எல்லாப் பெண்களுக்கும் அது கிடைத்தது 1928இல். 1923க்குப் பிறகு சார்ல்ஸ்டன் ஆட்டம் பரவியது. முழங்காலை உதறி ஆடும் அந்த ஆட்டத்தைக் கார்செட்டோடு ஆடவே முடியாது. 1926இல் அமெரிக்க 'வோக்' இதழ் ஷனேலின் எளிய கறுப்பு உடையைப் படம்போட்டு ஃபோர்டு காரோடு ஒப்பிட்டது. எல்லாருக்கும் பொருந்தும், எல்லாரும் வாங்குவார்கள் என்ற பொருளில். செயற்கைப் பட்டு மலிந்ததால் கடையில் வேலை பார்க்கும் பெண்ணும் அதே வடிவத்தை வாங்கவோ தானே தைத்துக்கொள்ளவோ முடிந்தது. நேர்த்தையல் இரண்டு போடத் தெரிந்தால் போதும்.

பணக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அதே எளிய வடிவத்தின்மேல் கண்ணாடி மணிகளைக் கொட்டிக் கோத்தார்கள். மெல்லிய ஷிஃபான் துணி அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. அருங்காட்சியகங்களில் இந்த உடைகளை இன்று தொங்கவிடுவதில்லை. தொங்கவிட்டால் மணிகளின் கனத்திலேயே தோள் கிழிந்துவிடும் என்று தட்டையான பெட்டிகளில் படுக்கவைத்திருக்கிறார்கள்.

1930களின் விருந்து உடை அழகில் முந்தைய பத்தாண்டைத் தூக்கி அடித்துவிடும். மத்லேன் வியொன்னே துணியை மூலைவாட்டில் வெட்டி உடம்போடு ஒழுகவிட்டார். எல்சா ஸ்கியாபரெல்லி 1935இல் நம் புடவையின் சாயலில் மாலை உடைகள் செய்தார். அதே ஆண்டு பட்டன்களுக்குப் பதில் வண்ண வண்ண ஜிப்புகளை வெளியே தெரியும்படி வைத்தார். அதுவரை மழைக்காலணிக்கும் பைக்கும் உரிய சமாசாரமாக இருந்தது ஜிப். சார்ல்ஸ் ஜேம்ஸ் என்ற வடிவமைப்பாளர் உடம்பைச் சுற்றி மூடும் ஓர் உடையைச் செய்து அதற்கு 'டாக்ஸி' என்று பெயரிட்டார். டாக்ஸியின் பின்சீட்டில் உட்கார்ந்தபடியே போட்டுக்கொள்ளலாம் என்று பெயர்க்காரணம். வேலையிலிருந்து நேராக விருந்துக்குப் போகிறவள், அல்லது வேறெங்கிருந்தோ வருகிறவள். எப்படியும் அவளோடு பணிப்பெண் இல்லை.

இரண்டாம் உலகப்போரில் துணிக்கும் ரேஷன் வந்தது. பிரிட்டனில் 1941 ஜூன் 1 முதல் ஆளுக்கு ஆண்டுக்கு 66 கூப்பன். ஒரு கம்பளி உடைக்கே 11 போய்விடும். எத்தனை பட்டன், எத்தனை மடிப்பு என்பதெல்லாம் அரசாணையில் இருந்தது. பட்டும் நைலானும் பாராசூட்டுக்குப் போய்விட்டதால், வெறுங்காலில் குழம்புச் சாயத்தைப் பூசி, காலுறையின் பின்தையல் கோட்டைப் புருவப் பென்சிலால் வரைந்துகொண்டு நடனத்துக்குப் போனார்கள். அந்தக் கோட்டை வரைந்துவிடவும் பின்னால் ஒரு தோழி தேவைப்பட்டாள்.

அமெரிக்காவில் 1942இல் கிளேர் மெக்கார்டெல் செய்த 'பாப்ஓவர்' இந்த முழு வரலாற்றிலும் எனக்குப் பிடித்த உடை. வீட்டு வேலையாட்கள் போர்த் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். சமையலையும் கவனித்து, கதவைத் திறந்து விருந்தினரையும் வரவேற்க ஓர் உடை வேண்டும் என்று 'ஹார்பர்ஸ் பஜார்' இதழ் கேட்டது. அவர் கொடுத்தது முன்னால் சுற்றிக் கட்டும் சாதாரணப் பருத்தி உடை. விலை 6.95 டாலர். சூடான பாத்திரம் பிடிக்க அதே துணியில் ஒரு கையுறையும் சேர்ந்து வந்தது. பின்பக்க ஜிப் என்றாலே மெக்கார்டெலுக்கு ஆகாது. தனியாக வாழ்வது பெண்ணுக்குப் பிடித்திருக்கலாம், ஆனால் முதுகு ஜிப்பை இழுக்கப்போய்க் கை சுளுக்கும்போது வருத்தப்படுவாள் என்று பின்னாளில் எழுதினார். அவர் ஜிப்பைப் பக்கவாட்டில் வைத்தார். பெண் தனியாக வாழ்வது இயல்பு என்று ஏற்று உடை தைத்தவர்களில் அவரை முதல் வரிசையில் வைக்கலாம்.

பாரிஸ் வேறு முடிவெடுத்தது. 1947 பிப்ரவரி 12 அன்று கிறிஸ்தியன் தியோர் தம் முதல் தொகுப்பைக் காட்டினார். ஒடுங்கிய இடுப்பு, பட்டை வைத்த மேற்சட்டை, விரிந்து பரந்த பாவாடை. சில பாவாடைகளுக்குப் பத்து கெஜத்துக்குமேல் துணி போனது. நம் ஆறு கெஜப் புடவை ஒன்றரைக்கும் மேல் இடுப்புக்குக் கீழேயே போனதுபோல. இதை வெறும் அழகியல் என்று சொல்கிறவர்கள் முதல் போட்டவர் யார் என்று பார்க்க வேண்டும். அவர் மார்செல் பூசாக், பிரான்ஸின் பெரிய பருத்தி ஆலை அதிபர். துணி நிறைய விற்பதில் அவருக்கு என்ன கஷ்டம்? லண்டனில் வர்த்தக அமைச்சர் ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸ் முகம் சுளித்தார். பாரிஸின் லெபிக் தெருவில் தியோர் உடையோடு படம் எடுக்க வந்த மாடல் பெண்களை, வரிசையில் நின்று சோர்ந்திருந்த அந்தத் தெருப் பெண்களே பிடித்து உடையைக் கிழித்தார்கள். டல்லாஸில் முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே போதும் என்று பெண்கள் சங்கம் கூட்டினார்கள். ஆனாலும் தியோர்தான் ஜெயித்தார். அதே ஆண்டு நவம்பரில் இளவரசி எலிசபெத்தின் திருமண உடைக்கென்று மக்கள் தங்கள் கூப்பன்களைத் தபாலில் அனுப்பினார்கள். பிறர் கூப்பனைப் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்று எல்லாம் திருப்பி அனுப்பப்பட்டன. ஆறேழு ஆண்டு கிழிசலைத் தைத்துப் போட்டவர்களுக்குப் பகட்டின்மேல் இருந்த பசியைக் கிரிப்ஸ் புரிந்துகொள்ளவில்லை.

பட்டையும் ஒடுங்கிய இடுப்பும் திரும்பின, பணிப்பெண் திரும்பவில்லை. 1950களின் விருந்து உடையில் கழுத்தடியிலிருந்து இடுப்புக்குக் கீழ்வரை நீண்ட ஜிப், அதுவும் சரியாக முதுகின் நடுவில். அதை யார் இழுத்துவிடுவது? கணவன். கண்ணாடி முன் நிற்கும் மனைவி கூந்தலை ஒதுக்கி முதுகைத் திருப்ப, கணவன் ஜிப்பை ஏற்றிவிடும் காட்சி அந்தக் காலத்து ஹாலிவுட்டுக்கு மிகவும் பிடித்தமானது. காதல் காட்சி என்றுதான் நாம் பார்க்கிறோம். அந்த வடிவமைப்பு, போட்டுக்கொள்கிறவள் கல்யாணமானவள் என்று எடுத்துக்கொண்டது என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம். போரில் விமானம் கட்டிய பெண்களை வீட்டுக்கு அனுப்பியபின் வந்த பத்தாண்டு அது.

பிறகு இளசுகளின் கையில் காசு வந்தது. 1958இல் பக்கிங்காம் அரண்மனையில் கன்னிப்பெண்களை ராணிமுன் நிறுத்தும் சடங்கே கடைசியாக நடந்து முடிந்தது. அதற்கு மூன்றாண்டு முன்பே செல்சியின் கிங்ஸ் ரோட்டில் மேரி குவான்ட் கடை திறந்திருந்தார். 1964இல் பார்பரா ஹுலானிக்கி 'டெய்லி மிரர்' வழியாக ஓர் இளஞ்சிவப்புக் கட்டம்போட்ட உடையை 25 ஷில்லிங்குக்கு விற்றார்; வந்த ஆர்டர் ஏறத்தாழ 17,000. 'பீபா' கடை அதிலிருந்து வளர்ந்தது. மினி பாவாடை வந்ததும் பிரிட்டிஷ் வரித்துறைக்குத் தலைவலி: குழந்தைகள் உடைக்கு வரி கிடையாது, நீளத்தை வைத்துத்தான் குழந்தை உடையைத் தீர்மானித்தார்கள், மினியோ அந்த நீளத்துக்குள் அடங்கிவிட்டது. 1966இல் அமெரிக்காவின் ஸ்காட் பேப்பர் நிறுவனம் 1.25 டாலருக்குக் காகித உடையே விற்றது. ஒரு பார்ட்டிக்குப் போட்டுக் கசக்கி எறியலாம். துவைக்க வேண்டாம், இஸ்திரி வேண்டாம். அரை மில்லியன் விற்றது. அந்தக் குப்பையைப் பற்றி அப்போது எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அதே ஆண்டு இவ் சான் லோரான் பெண்களுக்கு டக்சிடோ தைத்தார். அதைப் போட்டுக்கொண்டு நியூயார்க் உணவகம் ஒன்றுக்குப் போன நேன் கெம்ப்னர் என்ற சீமாட்டியை, பேன்ட் போட்ட பெண்ணுக்கு இடமில்லை என்று வாசலில் நிறுத்தினார்கள். அவர் பேன்ட்டை அங்கேயே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மேல்சட்டையையே மினி உடையாக்கி உள்ளே போய்ச் சாப்பிட்டார்.

1974இல் டயான் வான் ஃபர்ஸ்டன்பர்க் கொண்டுவந்த சுற்றுடை, மெக்கார்டெலின் யோசனைக்கு ஜெர்சி துணியில் வந்த மறுபிறவி. இரண்டே ஆண்டில் பத்து லட்சம் விற்றது. பகலில் அலுவலகம், மாலையில் விருந்து, இரண்டுக்கும் அதே உடை. இடுப்பில் ஒரு முடிச்சு, அவ்வளவுதான். தூங்குகிற ஆணை எழுப்பாமல் கிளம்ப வேண்டுமென்றால் ஜிப் பெரிய தொல்லை என்று வான் ஃபர்ஸ்டன்பர்க் சிரித்துக்கொண்டே சொன்னார். கணவன் கையெழுத்தில்லாமல் பெண் தன் பெயரில் கடன் அட்டை வாங்கும் உரிமையை அமெரிக்கச் சட்டம் உறுதிசெய்ததும் அதே 1974இல்தான்.

1980களின் தோள்பட்டைத் திணிப்புகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அவை பார்க்கவும் சகிக்காது. 1994ஐச் சொல்லலாம். மே மாதம் எலிசபெத் ஹர்லி ஒரு திரைப்பட முதற்காட்சிக்கு வெர்சாச்சேயின் கறுப்பு உடையில் வந்தார். பக்கவாட்டில் பெரிய பெரிய தங்கநிற ஊக்குகள்தாம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. இணைப்பை மறைக்கப் பாடுபட்ட நூறாண்டுத் தொழில், அதையே அலங்காரமாக்கி வெளியே வைத்த தருணம். அடுத்த மாதம் 29ஆம் தேதி, கணவர் தொலைக்காட்சியில் தம் கள்ள உறவை ஒப்புக்கொண்ட அதே மாலையில், இளவரசி டயானா தோள் தெரியும் குட்டையான கறுப்பு உடையில் லண்டனின் ஒரு கலைக்கூட விருந்துக்குப் போனார். மறுநாள் பத்திரிகைகளில் பேட்டியைவிட அந்த உடைக்கு இடம் அதிகம்.

இப்போது அலுவலகம் போகும் பெண் விருந்து உடையை வாடகைக்கு எடுக்கிறாள். நியூயார்க்கில் 2009இல் தொடங்கிய 'ரென்ட் த ரன்வே' அதைப் பெருந்தொழிலாக்கியது. ஒருமுறை படமெடுத்துப் போட்ட உடையை மறுமுறை போடக் கூச்சப்படும் தலைமுறைக்கு அது தோது. நட்சத்திரங்களின் உலகமோ 1900க்கே திரும்பிப் போய்விட்டது. 1962இல் கென்னடியின் பிறந்தநாள் விழாவுக்கு மர்லின் மன்றோ போட்ட உடையை அவர் உடம்பிலேயே வைத்துத் தைத்தார்கள். அதே உடையை 2022 மே மாதம் நியூயார்க்கின் மெட் காலா விருந்துக்குக் கிம் கர்தாஷியன் இரவல் வாங்கினார். அதற்காக எடை குறைத்தும் பின்பக்கம் மூடவில்லை. திறந்த முதுகை ஒரு வெள்ளைப் போர்வையால் மறைத்து, படியேறி முடித்ததும் நகல் உடைக்கு மாறினார். மர்லினைத் தைத்து உள்ளே அனுப்பியவர்களும் கிம்முக்கு அதை மாட்டிவிட்டவர்களும் சம்பளத்துக்கு வந்தவர்கள். கைக்கு எட்டும் இடத்தில் ஜிப் வைத்துக்கொடுத்த மெக்கார்டெலின் உடைகளோ அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருக்கின்றன.