கியூபாவைப் பற்றி இரண்டு நாவல்கள்

கியூபா என்றதும் நாவல் வாசகர்களுக்கு முதலில் நினைவு வருவது கிரஹாம் கிரீனின் 'அவர் மேன் இன் ஹவானா'தான். 1958 அக்டோபரில் வெளிவந்தது. மூன்று மாதம் முடிவதற்குள், 1959 ஜனவரி முதல் தேதி, சர்வாதிகாரி பாடிஸ்டா நாட்டை விட்டு ஓடினார். காஸ்ட்ரோவின் புரட்சி ஜயித்தது.

கதை பலருக்கும் தெரிந்ததே. ஹவானாவில் தூசி உறிஞ்சும் யந்திரம் விற்கும் ஆங்கிலேயன் வொர்மால்டு. மகளின் செலவுக்குப் பணம் போதாமல் பிரிட்டிஷ் ஒற்றர் இலாகாவில் சேருகிறான். துப்பறியத் தெரியாது. ஆகவே இல்லாத ஆட்களைச் சிருஷ்டித்து அவர்கள் பெயரில் சம்பளம் வாங்குகிறான். யந்திரத்தின் பாகங்களைப் பெரிதாக வரைந்து, மலைக்காட்டில் எழும்பும் இரகசிய ராணுவத் தளம் என்று லண்டனுக்கு அனுப்புகிறான். லண்டன் நம்பிவிடுகிறது.

1962 அக்டோபரில் சோவியத் ஏவுகணைகள் நிஜமாகவே கியூபாவில் இருப்பதை அமெரிக்க விமானம் படம் பிடித்தது. இதை வைத்துக் கிரீனைத் தீர்க்கதரிசி என்று புகழ்கிறவர்கள் உண்டு. அந்தப் புகழ்ச்சி பொருத்தமானதாக எனக்குப் படவில்லை. ஏவுகணை வரும் என்று அவர் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய விஷயத்தைச் சொன்னார். வல்லரசுக்குச் சிறிய நாடு ஒரு வெற்றுக் காகிதம். தன் பயத்தை அதில் யார் வரைந்து கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். நிஜ நெருக்கடி முடிந்த விதத்தைப் பாருங்கள். கென்னடியும் குருஷ்சேவும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். கியூபாவிலிருந்து ஏவுகணைகள் திரும்பின. துருக்கியிலிருந்த அமெரிக்க ஏவுகணைகள் பிற்பாடு சத்தமில்லாமல் அகற்றப்பட்டன. கியூபாவை ஒரு வார்த்தை கேட்டவரில்லை.

ஆனால் கிரீனின் நாவலிலும் கியூபாக்காரனை யாரும் கேட்கவில்லையே என்பதுதான் என் குறை. மனிதத் தோலில் சிகரெட் பெட்டி வைத்திருக்கும் போலீஸ் அதிகாரி செகூராவைத் தவிர, மற்றவர்கள் மனத்தில் நிற்பதில்லை. வொர்மால்டின் பொய்யால் சாகும் விமானிகூட ஒரு பெயரோடு சரி. ஒற்றர் இலாகாவைக் கேலி செய்யப்போய்ப் பாடிஸ்டா ஆட்சியின் பயங்கரத்தைக் குறைத்துக் காட்டிவிட்டதாகப் பிற்காலத்தில் கிரீனே எழுதினார்.

விட்டுப்போனதைத் தேடுகிறவர்கள் கியூபா எழுத்தாளர் எட்மண்டோ டெஸ்னோயஸிடம் போகவேண்டும். 1965ல் வந்த அவருடைய நாவலின் ஸ்பானியத் தலைப்பை 'பின்தங்கிய நிலையின் நினைவுகள்' என்று தமிழில் சொல்லலாம். 1968ல் சினிமாவாகவும் வந்து பெயர் பெற்றது. பெற்றோரும் மனைவியும் அமெரிக்காவுக்குப் போய்விட, ஒருவன் மட்டும் ஹவானாவில் தங்குகிறான். படித்தவன், வசதியுள்ளவன், எழுத்தாளனாக ஆசைப்பட்டவன். தன் பழைய வர்க்கத்தை வெறுக்கிறான். புரட்சியிலும் ஒட்ட முடியவில்லை. பெண்களிடம் அவன் நடந்துகொள்ளும் விதம் நல்லதல்ல; ஆசிரியர் அதை மறைக்கவுமில்லை. கடைசியில் அதே 1962 அக்டோபர் வருகிறது. எந்த நிமிஷமும் சாகலாம் என்று அறிந்தவன் தன் வீட்டில் தனியே காத்திருக்கிறான்.

கதை சொல்லும் திறமையில் கிரீன் கைதேர்ந்தவர். டெஸ்னோயஸின் நாவலில் அந்தக் கட்டுக்கோப்பு இல்லை. சில இடங்களில் அலுப்புத் தட்டுகிறது. இருந்தும் எனக்கு அதுவே பெரிய நாவலாகத் தோன்றுகிறது. வொர்மால்டுக்கு முடிவில் லண்டனில் விருதும் வேலையும் கிடைக்கின்றன. மற்றவனுக்குக் கிடைப்பது, பிறர் வரைந்த படத்துக்குள் உட்கார்ந்திருக்கும் பயம். அந்தப் பயத்தை உள்ளிருந்து எழுதியவர் டெஸ்னோயஸ். கிரீனை முதலில் படித்துச் சிரித்துவிட்டு இவரைப் படிப்பது நல்லது. எதைக் கண்டு சிரித்தோம் என்பது அப்போது விளங்கும்.