‘பேரன்பு’ தேடிய வீடு

இயக்குநர் ராம் உருவாக்கி 2019ஆம் ஆண்டு வெளிவந்த ‘பேரன்பு’ திரைப்படத்தைப் பாராட்டியோர் பலரும் அதில் ஒரு தந்தையின் தியாகத்தையே கண்டனர். மம்முட்டியும் சாதனாவும் தம் நடிப்பால் நம்மை உருக்கினர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அப்படத்தை ஊன்றி நோக்கின், அது தொடக்கம் முதல் இறுதிவரை வீடு தேடும் கதை என்பது புலப்படும். மூளை முடக்குவாதத்துடன் வளர்ந்து பருவமெய்தும் பாப்பா எங்கே வாழ்வாள்? இவ்வினாவோடு படத்தை அணுகுவதே நம் நோக்கம்.

வெளிநாட்டில் உழைத்துத் திரும்பும் அமுதவனிடம், தாய் விட்டுச் சென்ற மகள் வந்து சேர்கிறாள். உறவினரும் அண்டை வீட்டாரும் அவளை ஏற்க மறுக்கின்றனர். மனித நடமாட்டமற்ற ஏரிக்கரையில் ஒரு மலைவீட்டை நாடுகிறார் தந்தை; சூழ்ச்சியால் அதையும் இழக்கிறார். பின்னர் நகரத்து விடுதி அறை, அதன்பின் காப்பகம். அங்கே நிகழும் கொடுமையைக் கண்டு மகளை மீட்டுக்கொண்டு, போக்கிடமின்றிக் கடலை நோக்கி நடக்கிறார். மீரா என்னும் திருநங்கையே இறுதியில் இருவருக்கும் புகலிடமாகிறார்.

1990இல் வந்த ‘அஞ்சலி’, குறைபாடுள்ள குழந்தையின் இறப்போடு முடிந்தது. நாம் கண்ணீர் சிந்தினோம். ஆனால் அக்குழந்தை வளர்ந்திருந்தால் என்னவாகும் என்று எண்ண வேண்டிய தேவை எழவில்லை. ‘பேரன்பு’ அந்த எளிய வழியை நாடவில்லை. பாப்பாவை வளரவிடுகிறது, அவளது உடலின் தேவைகளையும் மறைக்காமல் பேசுகிறது. நம் வாசகர் சிலருக்கு அப்பகுதிகள் நெருடலாகலாம். எனினும் இத்தகையோரை என்றும் குழந்தைகளாகவே கருதும் நம் வழக்கத்தை அவை கேள்விக்குள்ளாக்குகின்றன. இதுவே படத்தின் தலையாய சிறப்பு எனலாம்.

குறையும் இங்குதான் தொடங்குகிறது. படம் அறிந்த உறைவிடங்கள் மூன்றே: ஊரை விட்டு விலகிய தனிமை, அச்சுறுத்தும் காப்பகம், ஒருவரின் கருணை. மலைவீடு தந்தை ஒருவரையே நம்பியிருந்தது, அதனால் வீழ்ந்தது. மீராவின் இல்லமோ இருவரை நம்பி நிற்கிறது. தந்தையும் மீராவும் மறைந்த பிறகு பாப்பா எங்கே? கண்ணை மூடுமுன் ஒவ்வொரு பெற்றோரும் கேட்கும் இவ்வினாவுக்கு, இன்னும் ஓர் அன்பரைத் தருவதன்றிப் படம் வேறு விடை தரவில்லை. ஏற்பாடு வேண்டிய இடத்தில் அது அன்பை வைத்து நிறைவு கொள்கிறது.

இவ்வினா நம் ஊர்களுக்கும் உரியது. காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையின் நெசவாளர் இல்லத்தை எண்ணிப் பார்ப்போம். அங்கே தறி இருக்கும் இடமே வீடு. பட்டுச் சேலையின் உடலையும் கரையையும் இணைக்கும் கோர்வை வேலைக்கு, மரபுப்படி, நெய்பவருக்குப் பக்கத்தில் துணையாள் ஒருவர் வேண்டும். அத்தகைய வீட்டில் அறிவுசார் குறைபாடுள்ள மகனும் தார் சுற்றிக் கொடுத்துத் தனக்குரிய இடத்தைப் பெற இயலும். தெருவும் அவனைப் பெயர் சொல்லி அழைக்கும். ஆனால் இதைப் பொற்காலமாகப் போற்றுதல் தகாது. தறி நின்று, உடன்பிறந்தோர் ஆலை வேலைக்குச் சென்று, பெற்றோரும் மறைந்தால், அவன் வேலையும் வீடும் தெருவும் ஒருசேரப் பறிபோகும். அப்போது எஞ்சுவது தொலைதூரக் காப்பகம் மட்டுமே.

படம் காணாத நான்காம் வழி ஒன்று உண்டு: ஊருக்குள்ளே, சாதாரணத் தெருவில், சிலர் துணையாளரோடு கூடி வாழும் சிறு இல்லம். 1964இல் பிரான்சில் ழான் வனியே தொடங்கிய ‘லார்ஷ்’ இயக்கம் இவ்வழியில் பிறந்தது. 1970இல் பெங்களூரில் ‘ஆஷா நிகேதன்’ என்னும் பெயரில் வேரூன்றிப் பின்னர் சென்னைக்கும் வந்தது. வனியே பெண்கள் சிலரிடம் முறைகேடாக நடந்துகொண்டார் என்று அவ்வியக்கமே 2020இல் விசாரணை நடத்தி வெளியிட்டதையும் நாம் மறைக்கலாகாது. புனிதராக எண்ணப்பட்ட ஒருவரை நம்பி மட்டும் எந்த இல்லமும் இருத்தலாகாது. திறந்த கதவும் வெளியார் மேற்பார்வையும் இன்றியமையாதவை என்பதே அது புகட்டும் பாடம்.

சட்டமும் துணை நிற்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோருக்கென 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலரை நியமித்துக்கொள்ள அது வழிசெய்கிறது. அந்த அறக்கட்டளை வகுத்த ‘கரௌந்தா’ திட்டம், வயது வந்தோருக்கான குழு இல்லங்களைப் பற்றியது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, சமூகத்தின் நடுவே வாழ்வதை உரிமையாகவே ஏற்கிறது. ஆயின் பாதுகாவலரின் கையொப்பம் கூரையாகிவிடாது. இல்லத்தை எழுப்ப ஊர் முன்வர வேண்டும்.

சிலுவையில் தொங்கிய வேளையிலும் இயேசு தம் தாயைச் சீடர் ஒருவரிடம் ஒப்படைத்தார்; அச்சீடர் அவரைத் தம்மிடம் ஏற்றுக்கொண்டார் என்கிறது யோவான் நற்செய்தி. அந்த ஒப்படைப்பு அவர் உயிரோடு இருக்கையிலேயே, சாட்சிகளின் முன்னிலையில் நிகழ்ந்தது என்பதைக் கவனிப்போம். நம் பெற்றோரும் தாம் வாழும் நாளிலேயே மகனை, மகளைச் சிறு இல்லத்தில் சில நாள் தங்கவைத்துப் பழக்கி, விருப்பு வெறுப்பைத் துணையாளருக்கு உணர்த்தி, மன அமைதியோடு ஒப்படைக்க வழி வேண்டும்.

‘பேரன்பு’ காண வேண்டிய படமே. அன்பியக் கூட்டங்களில் அதைக் காண்போர் கண்ணீரோடு கலைந்துவிடாமல், தம் பங்கில் இவ்வாறு வாழ்வோர் எத்தனை பேர், அவர்தம் பெற்றோரின் வயது என்ன, பங்கிற்குரிய எந்த வீடு பயனின்றிப் பூட்டிக் கிடக்கிறது என்று ஒரு தாளில் எழுதுவார்களாக. படம் சொல்லாமல் விட்ட விடை அத்தாளிலிருந்து தொடங்கக்கூடும்.