முதல் காட்சி

குறும்படம் எடுக்க விழையும் மாணவர் பலர், அச்சமூட்டும் கதையையே முதலில் நாடுகின்றனர். அச்சத்துக்கு நம் நெல்வயல்களில் பஞ்சமில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, மீட்பர் பிறந்த அந்நாளிலேயே, அன்றைய தஞ்சை மாவட்டக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டனர்.

அதைப் படமாக்கிய பாரதி கிருஷ்ணகுமார், 'ராமையாவின் குடிசை' (2005) படத்துக்கு ஆவண வடிவையே தேர்ந்தார். உயிர்தப்பியோரைப் பேச வைத்தார். நடித்துக் காட்டும் தீயை நாம் வேடிக்கை பார்த்துக் கலைந்துவிடலாம். சாட்சியின் முகத்தை அவ்வாறு கடந்து செல்ல இயலாது.

மாணவ நண்பர்களே, முதல் காட்சிக்கு எரியும் குடிசை வேண்டாம். கூலி நெல் அளக்கும் மரக்கால் ஒன்று போதும். அந்தத் துயரம் அங்கேதான் தொடங்கிற்று.