கதையின் நீதி என்ன? – தொடக்கப் பள்ளி நூலகமும் ஒரு படிவமும்

மூன்று வருடங்களுக்கு முன்னால் எங்கள் ஊர்ப் பக்கம் உள்ள ஒரு தொடக்கப் பள்ளிக்கு நூலகப் பதிவேடு ஒன்று செய்து கொடுத்தேன். பெரிய மென்பொருள் எல்லாம் இல்லை, ஒரு ஸ்ப்ரெட்ஷீட்தான். இடது பக்கம் பிள்ளைகளின் பெயர், மேலே புத்தக எண், கட்டத்துக்குள் தேதி. ஒரு புத்தகம் முடித்தால் ஒரு ஸ்டார். பத்து ஸ்டாருக்கு ஒரு பென்சில் பாக்ஸ், என் செலவில். மொத்தம் 43 பிள்ளைகள், இரண்டு டீச்சர்கள், ஒரு பீரோ நிறைய புத்தகம். நான் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த சமயம், வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் போய் உட்காருவேன். எதையாவது அளக்காமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது, தொழில் அப்படி. அந்தப் பழக்கத்தை அங்கேயும் கொண்டு போனேன்.

முதல் மாதம் எண்கள் ஜோராக ஏறின. ஹெச்.எம். டீச்சருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். இரண்டாவது மாதம் எந்தப் புத்தகம் அதிகம் போகிறது என்று வரிசைப்படுத்திப் பார்த்தேன். முதல் எட்டு இடத்திலும் பதினாறு பக்கத்துக்குள் முடிகிற படப் புத்தகங்கள். கொஞ்சம் தடியான புத்தகம் எதையும் யாரும் தொடவில்லை. நாலாம் வகுப்பில் ஒரு பெண், எனக்குத் தெரிந்து அந்தப் பள்ளியில் நிஜமாகவே வாசிக்கிற பிள்ளை, ஒரு நீளமான கதைப் புத்தகத்தைப் பாதியில் கொண்டுவந்து கொடுத்தாள். ஏம்மா, நல்லா இல்லையான்னு கேட்டேன். "நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா இதுக்கும் ஒரு ஸ்டார்தானே?"

நான் எழுதிய விதிப்படி அவள் கணக்கு ரொம்பச் சரி. தப்பு விதியில் இருந்தது. எதை எண்ணுகிறோமோ அதுதான் நடக்கும் என்பது எங்கள் துறையில் முதல் வருடத்திலேயே தெரிந்துகொள்கிற பாடம். அதை ஒன்பது வயதுப் பிள்ளை எனக்குத் திரும்பச் சொல்லிக் கொடுத்தாள்.

அதன் பிறகுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஏற்கெனவே ஆசையாகப் படம் வரைகிற மழலையர் பள்ளிப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவிடம் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் கிடையாது. ஒன்றிரண்டு வாரம் கழித்து விளையாட்டு நேரத்தில் தானாக வரைய உட்கார்கிறார்களா என்று கவனித்தபோது, பரிசு உண்டு என்று முன்பே கேட்ட குழு மற்ற இரு குழுக்களும் வரைந்ததில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தது. பரிசே கூடாது என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. சொல்லாமல் கொடுத்த பரிசு கெடுதல் எதுவும் செய்யவில்லை. பரிசுக்காகச் செய்கிறோம் என்ற நினைப்புதான் ஆசையைத் தின்கிறது.

ஸ்டாரை எடுத்தாச்சு. அது சுலபமாக முடிந்தது. ஆனால் அந்தப் பள்ளியில் எனக்கு முன்பிருந்தே இருந்த ஒரு விஷயம் என் ஸ்டாரைவிடக் கெடுதல் என்று தெரிய இன்னும் சில மாதம் ஆனது. வாசித்த பின் நிரப்ப வேண்டிய படிவம். புத்தகத்தின் பெயர், ஆசிரியர், கதாபாத்திரங்கள், எனக்குப் பிடித்த பகுதி, புதிய சொற்கள் ஐந்து, கதை உணர்த்தும் நீதி. பல பள்ளிகளில் இதே மாதிரி ஏதோ ஒன்று இருக்கும். வாசிப்பையும் எழுத்தையும் ஒரே கல்லில் வளர்க்கிற நல்ல யோசனை மாதிரிதான் முதலில் தெரியும்.

ஒரு வருடத்துப் படிவங்கள் அடங்கிய ஃபைலை டீச்சரிடம் கேட்டு வாங்கி, இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து முழுதும் படித்தேன். பூனை ஒன்று மொட்டை மாடியில் மாட்டிக்கொள்கிற படக்கதைக்கு நீதி: "உண்மையே பேச வேண்டும்." மழை பற்றிய புத்தகத்துக்கும் அதே நீதிதான். பிடித்த பகுதி என்ற இடத்தில் பெரும்பாலும் "எல்லாப் பகுதியும் பிடித்தது". புதிய சொற்கள் ஐந்தும் முதல் பக்கத்திலிருந்தே எடுத்தவை, அதற்கு மேல் புரட்டிய தடயம் இல்லை. நாலைந்து படிவம் அக்காவோ அண்ணனோ எழுதிக் கொடுத்தது, கையெழுத்தே காட்டிக் கொடுத்தது. டீச்சரிடம் கேட்டேன், இதையெல்லாம் படிப்பீங்களா? அவர் மறைக்கவில்லை. "டிக் போடுவேன் சார். நாப்பத்தி மூணு பிள்ளைங்க எழுதுறதை யார் உக்காந்து படிக்கிறது?"

என் குறை இதுதான். அந்தப் படிவத்துக்கு வாசகர் இல்லை. ஒரு பிள்ளை தான் வாசித்ததைப் பற்றி எழுதுகிறது, அதை உலகத்தில் ஒருத்தரும் வாசிப்பதில்லை. அப்படியிருக்க அது எழுத்துப் பயிற்சி ஆகாது, ரசீது. புத்தகம் வாசிக்கிற பிள்ளையிடம் வாசலில் சுங்கம் வசூலிக்கிற மாதிரி. வேகமாக எழுத வருகிற பிள்ளை கட்டிவிட்டுப் போய்விடும். எழுதத் திணறுகிற பிள்ளை, சுங்கத்துக்குப் பயந்து புத்தகத்தையே எடுக்காது. யாருக்கு நூலகம் அதிகம் தேவையோ அவர்களைத்தான் படிவம் வெளியே நிறுத்துகிறது. பிரெஞ்சு எழுத்தாளர் தனியேல் பெனாக் (பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர்) 1992இல் எழுதிய புத்தகத்தில் வாசகரின் உரிமைகள் என்று பத்தைப் பட்டியலிட்டார். வாசிக்காமல் இருக்கும் உரிமை அதில் முதலாவது. புத்தகத்தை முடிக்காமல் விடுகிற உரிமையும் உண்டு. எங்கள் படிவத்தில் முடிக்காத புத்தகத்துக்குக் கட்டமே கிடையாது.

டீச்சரைக் குறை சொல்வது நியாயமில்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, அதன் அட்டவணையில் ஒவ்வொரு பள்ளிக்கும் நூலகம் வேண்டும், அதில் கதைப் புத்தகங்களும் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. சமக்ர சிக்ஷாவில் தொடக்கப் பள்ளிக்கு நூலக மானியம் 5,000 ரூபாய் வரை உண்டு. பணம் வந்தால் கணக்கு கேட்பார்கள். பார்வைக்கு வருகிற அதிகாரி பிள்ளையின் தலைக்குள் எட்டிப் பார்க்க முடியாது, ஃபைலைத்தான் பார்ப்பார். படிவம் அதற்காகப் பிறந்தது. புத்தகம் தொலைந்தால் யார் பொறுப்பு என்ற பயமும் சேர்ந்துகொள்ள, பீரோ சாவி டீச்சரின் கைப்பையில் போய்விடுகிறது.

சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1931இல் வந்த அவருடைய ஐந்து விதிகளில் முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் புத்தகங்களைச் சங்கிலி போட்டு அலமாரியோடு கட்டி வைத்திருந்த கதையை அவர் அங்கேதான் சொல்கிறார். அந்தச் சங்கிலிக்கு இன்றைய வடிவம் கோத்ரேஜ் பூட்டு.

இதற்கு மறுபக்கம் டோட்டோ-சான். தெட்சுகோ குரோயாநாகி 1981இல் எழுதியது, தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடு, பலரும் படித்திருப்பீர்கள். அதில் வரும் டோமோயி பள்ளியில் ஒரு ரயில் பெட்டிதான் நூலகம். எந்தப் புத்தகத்தையும் எந்த வகுப்புப் பிள்ளையும் எடுக்கலாம், வீட்டுக்கும் கொண்டு போகலாம் என்கிறார் தலைமை ஆசிரியர் கோபயாஷி. அங்கே படிவம் எதுவும் வந்ததாக எனக்கு நினைவில்லை.

வகுப்பு பிரிக்காமல் நிலை பிரிப்பதில் ஒரு அழகான முயற்சி இங்கேயே நடந்தது. தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் வந்த சிறு புத்தகங்களுக்கு நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலை. முதல் நிலை, இரண்டாம் நிலை என்று எண் போடாமல் நான்கு வினைச்சொல்லை வைத்தவருக்கு ஒரு கும்பிடு. நாங்கள் அதிலும் ஒரு தப்பு செய்தோம் (நாங்கள் என்றால் நான்தான்). பதிவேட்டில் பிள்ளையின் பெயருக்கு நேரே அந்தச் சொல்லை எழுதினேன். அடுத்த வாரமே அஞ்சாம் வகுப்புப் பையன் ஒருவன் 'நுழை' புத்தகத்தை அறிவியல் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். நிலை புத்தகத்துக்கு இருக்கலாம், பிள்ளைக்கு இருக்கக் கூடாது. அந்த நெடுவரிசையை அன்றைக்கே அழித்தேன்.

அப்படியென்றால் எழுத்தே வேண்டாமா? அதற்குப் பதில் தேடும்போது கிடைத்தவர் செலஸ்தேன் ஃப்ரெனே. முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டவர். நீண்ட நேரம் பேசிப் பாடம் நடத்த முடியாது. 1920இல் தெற்கு பிரான்ஸில் பார்-சூர்-லூ என்ற மலைக் கிராமத்துப் பள்ளிக்கு வருகிறார். சில வருடத்தில் ஒரு சின்ன அச்சு இயந்திரத்தை வாங்கி வகுப்புக்குள் வைத்துவிட்டார். பிள்ளைகள் தாங்கள் பார்த்ததை, நடந்ததை எழுதுவார்கள், வகுப்பு கூடித் திருத்தும், அவர்களே அச்சுக்கோர்ப்பார்கள். அந்தத் தாள்கள் தபாலில் பிரித்தனி கடற்கரையோரம் ட்ரேகுங்க் என்ற ஊர்ப் பள்ளிக்குப் போகும். அங்கிருந்து மீன்பிடிக்கிற ஊர்ப் பிள்ளைகள் எழுதியது திரும்பி வரும். மலைப் பிள்ளைக்குக் கடல் தெரியாது, கடல் பிள்ளைக்கு மலை தெரியாது. ஆகவே சரியாக எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் எதிரே இருப்பவனுக்குப் புரியாது. எழுத்துப் பிழையைத் திருத்த இதைவிட நல்ல காரணம் கிடையாது.

இதை வைத்து இரண்டு காரியம் செய்தோம். படிவத்தை ஒரு பருவத்துக்கு நிறுத்தி வைத்தோம். டீச்சர் முதலில் தயங்கினார், எடுத்த தேதி, கொடுத்த தேதி மட்டும் உள்ள பதிவேடு போதும் என்று பேசி ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கத்திலும் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டினோம். விருப்பம் இருந்தால் அடுத்து எடுக்கப் போகிறவருக்கு ஏதாவது எழுதலாம், இல்லாவிட்டால் விடலாம். கட்டாயமில்லை என்றதும் மூன்று வாரம் எல்லாத் தாளும் வெள்ளையாகவே இருந்தது. பிறகு ஒன்றில், "8ம் பக்கத்தில் பேய் வரும் பயபடாதே அது மாமா". இன்னொன்றில், "முதல்ல போர் அடிக்கும் அப்புறம் நல்லா இருக்கும்". அதற்குக் கீழேயே வேறு கையெழுத்தில், "அப்புறமும் போர்". அந்த ஃபைலில் ஒரு வருடம் எழுதியதில் எனக்குக் கிடைக்காத விமர்சனம் அந்த ஒற்றை வரியில் இருந்தது. பின்னட்டையைப் பார்த்துப் புத்தகம் எடுக்கிற பழக்கமும் தானாக வந்துவிட்டது.

எழுத்தே கூடாத பிள்ளைகளுக்கு இது உதவாது, அதையும் சொல்ல வேண்டும். அவர்களுக்கு டீச்சர் தினமும் பத்து நிமிடம் சத்தமாக வாசித்துக் காட்டுவதுதான் நூலகம். நல்ல இடத்தில் நிறுத்தி மூடிவிடுவார். மிச்சத்தை நாளைக்குத்தான் கேட்க முடியும். அந்தப் புத்தகம் அன்றைக்கு மேஜையிலேயே கிடக்கும். எழுத்துக் கூட்டத் தெரிந்தவனைச் சுற்றி நாலு பேர் நின்றுகொண்டிருப்பார்கள்.

இரண்டாவது காரியம் கடிதம். என் கல்லூரி நண்பன் மூலமாகக் கடலோர ஊர்ப் பள்ளி ஒன்று கிடைத்தது. முதல் கட்டுக் கடிதங்கள் படு தோல்வி. இரண்டு பக்கமும் "நலம், நலமறிய ஆவல்" என்று கரும்பலகையைப் பார்த்து எழுதியது. படிவம் வேறு உருவத்தில் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன். மூன்றாவது கட்டில் அங்கிருந்து ஒரு பையன், உங்க பள்ளிக்கூடத்துக்குப் பாம்பு வருமா என்று கேட்டிருந்தான். அதற்குப் பதில் எழுத எங்கள் பக்கம் அடிதடி. ஒரு பிள்ளை ஒன்றரைப் பக்கம் எழுதினாள். நல்ல பாம்பா சாரைப் பாம்பா என்று பார்க்க பீரோவில் இருந்த பாம்புப் புத்தகம் வெளியே வந்து, திரும்ப உள்ளே போக ஒரு மாதம் ஆனது.

நாலு புத்தகம் தொலைந்தது. இரண்டு திரும்பி வந்தது, ஒன்று அட்டை இல்லாமல். இருப்புப் பதிவேட்டில் அதை என்னவென்று எழுதுவது என்று டீச்சருக்கு இன்னும் கவலைதான், எனக்கும் பதில் தெரியவில்லை. இந்த ஜூனில் கடலோரப் பள்ளி டீச்சருக்கு மாறுதல் வந்துவிட்டது. புதிதாக வந்தவரிடம் நண்பன் இன்னும் பேசவில்லை. எங்கள் பக்கத்திலிருந்து போன ஏழு கடிதங்களுக்குப் பதில் பாக்கி. வெள்ளிக்கிழமை நான் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் முதலில் கேட்பது அதைத்தான்.